மணி பிழையான கடல்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவர்கள், தேத்தண்ணீர் கைக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "உங்கடை மணி பிழையாய்க் கிடக்குது." அவர்கள் சொல்வது சுவர் மணிக்கூட்டை அல்ல, அது வானொலிச் செய்தியோடு ஒத்துப்போகிற மணிக்கூடு. நடு அறையில் இருக்கும் பெரிய கண்ணாடித் தொட்டியின் பக்கப் பலகையில் ஒட்டியிருக்கிற, உள்ளங்கை அளவான வெள்ளைப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அதில் ஒரு திருகு, இரண்டு பொத்தான், பச்சை நிறத்தில் ஒளிரும் நேரம். காலை பத்து மணிக்கு வந்து கதிரையில் இருப்பவருக்கு அது நடு இரவைக் காட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்குள்ளும் இரவுதான். விளக்குகள் அணைந்திருக்கும், மீன்கள் கற்களுக்கிடையில் ஒதுங்கியிருக்கும். தண்ணீர் மட்டும் இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும், நித்திரை கொள்பவரின் மூச்சைப் போல, மெல்ல அசைந்துகொண்டிருக்கும்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலையில் கதவைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை முத்திரையில் திகதியை மாற்றுவது. நேற்றைய திகதியோடு ஒரு கடிதம் போய்விட்டால் அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் ஒரு பெட்டி வருடக்கணக்காகப் பிழையான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்து ஒட்டியவர் என் அண்ணை.

அண்ணை இளம் வயதில் கனடாவுக்குப் போனவர். அங்கேயே கலியாணம், ஒரு மகள், ஒரு தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை. அண்ணி நோயில் இறந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஓய்வு பெற்ற கையோடு, கோப்பாய் வீட்டுக்கே வந்துவிடப் போவதாக எனக்குச் சொன்னார். கலியாணம் கட்டாமல் இந்த வீட்டில் தனியாக இருந்து பழகிய எனக்குச் சந்தோசமும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வந்து இறங்கிய நாளில் அயலட்டைச் சிறுவர்கள் சொக்கிலேற்றை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். பெட்டியைத் திறந்தால் துவாய்களால் சுற்றி, கைக்குழந்தைகளைக் கிடத்தியது போல இரண்டு பம்புகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் அந்த வெள்ளைப் பெட்டி. கொன்ட்ரோலர் என்றார். பம்புகளுக்கு எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று சொல்வது அதுதானாம். சொக்கிலேற் எங்கே என்று நான் கேட்டேன். மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவருடைய மகள் அவரை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வரவில்லை என்பதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். தாய் போனபின் தகப்பனும் தன்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டது. தனக்கென்று வேலையும் வீடும் இருக்கிற வளர்ந்த பெண்தான். ஆனால் இந்த விசயத்தில் வயது எதற்கு உதவும்? "போறதெண்டால் போங்கோ, பிறகு என்னோடை கதைக்க வேண்டாம்" என்று சொன்னாளாம். அண்ணை அதைச் சொல்லிவிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் நல்லாய் இருக்கிறது என்றார். அந்தப் பொரியலில் உப்புக் கூடிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

தொட்டி எழும்பிய கதை ஒரு தனிக் கூத்து. கண்ணாடியை யாழ்ப்பாண நகரத்தில் வெட்டி ஒட்டுவித்தார். கடல் தண்ணீரைத் தொண்டைமானாற்றிலிருந்து, உப்புக் குறைந்த களப்புப் பக்கத்தில் அல்ல, கடல் பக்கத்தில் அள்ளி, நீலக் கொள்கலன்களில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி ஊற்றியதில், அண்ணை கனடாவிலிருந்து வந்து கடலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து மீன் வந்தது, கற்கள் வந்தன, விரல்களை விரித்தது போல ஆடுகிற கடல்சாமந்தி ஒன்றும் வந்தது. எல்லாம் சரியாகி, இரண்டு பம்புகளையும் கண்ணாடியின் இரு பக்கத்திலும் காந்தத்தால் பொருத்தி, பெட்டியை ஒட்டி, சுவிச்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஊஞ்சலாடத் தொடங்கி, விளிம்பால் வழிந்து, நான் அன்று காலை துடைத்த சீமெந்து நிலத்தில் பாய்ந்தது. கனடாவில் அவர் வைத்திருந்த தொட்டி சின்னது. அதற்குப் பழக்கிய அலை இந்த நீளமான தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. அண்ணை முழங்கால் நனைய நின்று திருகைத் திருகினார். நான் துணி எடுத்துக்கொண்டு வந்து, இந்த வீட்டில் கடல் இல்லாமல் எத்தனையோ பேர் சீவித்துப் போனார்கள் என்று பொரிந்து தள்ளினேன்.

அந்த அலையைத் திருத்த அவருக்குப் பல நாள் பிடித்தது. ஒரு கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருப்பார். இடது பம்ப் மெல்லத் தொடங்கி, வேகம் எடுத்து, அடங்கும். அது அடங்குகிற நேரத்தில் வலது பம்ப் தொடங்கும். சில நேரம் இரண்டும் எதிரெதிரே தள்ளும். நடுவில் தண்ணீர் குழம்பிச் சுழலும். ஏன் இந்தப் பாடு, ஒரு பக்கத்தால் ஒரேயடியாக ஓடவிட்டால் என்ன என்று கேட்டேன். ஒரே பக்கத்தால் ஓடினால் மற்றப் பக்கத்துக் கல்லின் இடுக்கில் ஊத்தை தேங்கிவிடும், அங்கே இருப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்றார். கடலில் ஒரு பக்கம் என்று ஒன்று இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அவர் சமையலறைப் பக்கம் போன நேரங்களில் நானும் அந்தக் கதிரையில் இருந்து பார்த்திருக்கிறேன். கடல்சாமந்தி முதலில் இந்தப் பக்கம் சரியும், நிமிரும், பிறகு அந்தப் பக்கம் சரியும். அதற்குள் குடியிருந்த இரண்டு கோமாளி மீன்களும் அதனோடு போய் அதனோடு வரும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பில் பால் இருப்பது மறந்துபோகும். ஒருமுறை பொங்கி ஊற்றியும் விட்டது.

சண்டைகளும் இருந்தன. மீன்களுக்கு உறைந்த இறால் தீனி. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் என் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அதனால் எங்கள் வீட்டு மீன்களும் வெள்ளிக்கிழமை விரதம். வாரத்தில் ஒருநாள் பட்டினி கிடப்பது அவற்றுக்கு நல்லதுதான் என்று அண்ணை சொன்னபோது, நான் தோற்றுவிட்டது போல எனக்குக் கோபம் வந்தது. பம்புகளில் சுண்ணாம்பு படிந்தால் கழற்றி வினாகிரியில் ஊறப்போடுவார். ஊறுகாய் போட வைத்திருந்த வினாகிரிப் போத்தல் காலியாகிக் கிடக்கும். ஊறுகாயை நீங்கள் சாப்பிடுவதில்லையோ என்று கேட்டால், பம்ப் ஓடாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்பார். நாங்கள் இருவரும் பிள்ளைகளாய் இருந்த காலத்தில் சண்டை பிடித்ததைவிட அந்த வருடங்களில்தான் அதிகம் பிடித்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது அந்த மணி. வந்த அன்று பெட்டியில் எந்த நேரம் ஓடியதோ, அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தின்படிதான் தொட்டியில் விளக்கு எரியும், பம்ப் வேகம் எடுக்கும், இரவானால் நிற்காமல் சத்தமின்றி மெல்ல ஓடும். அதனால் எங்கள் தொட்டிக்குப் பகலில் இரவு, இரவில் பகல். கனடாவிலிருந்து வந்த அதிசயத்தைப் பார்க்க உடுவிலிலிருந்து ஒன்றுவிட்ட சகோதரி குடும்பத்தோடு வந்தாள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றார்கள். உள்ளே இருட்டு. ஒரு கல்லின் பின்னால் ஒரு வால் தெரிந்தது, அவ்வளவுதான். இதற்கா பஸ் மாறி வந்தோம் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவர்கள் போனபின், உந்த மணியை மாற்றி வையுங்கோ அண்ணை, பொத்தானை அமத்துகிற வேலைதானே என்று சொன்னேன். "கிடக்கட்டும் தங்கச்சி" என்றார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. மணிக்கணக்காகக் கரண்ட் இருக்காது. பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது, மீன் மூச்சுத் திணறும். அண்ணை பழைய லொறி பற்றறி ஒன்றை வாங்கினார். அதற்கு வயர் இழுத்துக் கொடுக்க ஒரு ஆளைப் பிடித்தார். வீட்டில் மனிதருக்குக் காற்றாடி இல்லை, மீனுக்குப் பற்றறி என்று நான் விசிறியால் விசிறிக்கொண்டே சொன்னேன். வயர் இழுத்த ஆள் நல்ல மனிதர். வேலை முடிந்து போகும்போது, பெட்டியில் மணி பிழையாய்க் கிடந்தது, அதையும் சரியாக்கிவிட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நான் இன்னொரு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணை அப்போது சந்தைக்குப் போயிருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் ஊரோடு சேர்ந்து தொட்டியிலும் விடியும், அதைக் கண்டு அவரே சந்தோசப்படட்டும் என்று விட்டேன்.

அடுத்த நாள் காலையில் தொட்டியில் விடிந்தது. முதலில் நீலமாய், பிறகு வெள்ளையாய், யன்னலால் வந்த வெய்யிலோடு சேர்ந்து. பம்புகள் மெல்ல இரைந்து எழும்பின. எனக்கு அது அழகாக இருந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த அண்ணை, தோளில் துவாயோடு, வாசலிலேயே நின்றுவிட்டார். ஆர் இதை மாற்றினது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஈரம் துடைக்காமலே போய்க் குந்தியிருந்து, கைத்தொலைபேசியில் ரொறன்ரோ நேரத்தைப் பார்த்து, பொத்தானை அமத்தி அமத்தி அந்த நேரத்தைத் திருப்பி வைத்தார். விளக்கு அணைந்தது. பம்புகள் அடங்கின. நான் அப்போதும் விடவில்லை. கோப்பாயில் இருக்கிற மீனுக்குக் கனடா நேரம் ஏன் என்று கேட்டேன்.

"அவள் எழும்பிற நேரம் எனக்குத் தெரியோணும்" என்றார்.

அதன்பிறகுதான் விளக்கமாய்ச் சொன்னார். ரொறன்ரோவில் அவர்களுடைய பழைய வீட்டில், தொட்டி இருந்தது மகளின் அறை வாசலுக்கு நேரே. பனிக்காலத்தில் அங்கே காலையிலும் இருட்டு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எழும்பாது, தாய் கூப்பிட்டாலும் எழும்பாது. தொட்டியில் விளக்கு வந்து, பம்புகளின் இரைச்சல் கேட்டால் மட்டும் கண் திறக்கும். "கடல் எழும்பிட்டுது பிள்ளை" என்று இவர் கதவடியில் நின்று சொல்வாராம். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவள் அந்த நேரத்துக்குத்தான் எழும்புகிறவள். அந்த நேரம்தான் பெட்டியில் கிடந்தது. அதை மாற்றினால் அங்கே அவள் எழும்பியிருப்பாள், இங்கே தனக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். தொலைபேசியைப் பார்த்தாலே நேரம் தெரியுமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நானும் கவனிக்கத் தொடங்கினேன். மாரி காலத்தில், எங்கள் சுவாமி அறையில் விளக்கு வைக்கும் நேரத்தை ஒட்டித்தான் தொட்டியில் விடியும். வெளியே முற்றத்தில் மா மரத்தடி மங்கிக்கொண்டு வரும். கோயில் மணி கேட்கும். வயலுக்குப் போனவர்கள் சைக்கிளில் திரும்புவார்கள். அந்த நேரம் நடு அறையில் ஒரு நீலம் பரவும். கோமாளி மீன்கள் கடல்சாமந்தியை விட்டு வெளியே வந்து, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கும். இடது பம்ப் முதலில், பிறகு வலது. அறைச் சுவரில், கூரையில், அண்ணை இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் எல்லாம் தண்ணீரின் வெளிச்சம் ஆடும். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் பொழுது படுவதையும் விடிவதையும் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நிற்பேன். அண்ணை தனக்குள் சொல்வது போல, "பிள்ளை எழும்பிட்டாள்" என்பார். பிறகு மடியில் இருந்த தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது அடிக்காது.

அந்த நாட்டில் வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவார்கள். பங்குனியில் ஒரு ஞாயிறு முன்னுக்கு, கார்த்திகையில் ஒரு ஞாயிறு பின்னுக்கு. பெட்டிக்கு அது தெரியாது. அண்ணை அந்த ஞாயிறுகளைக் கலண்டரில் திருவிழாவைப் போலப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பார். தோட்டத்தில் வெங்காயம் நடுகிறவனுக்கும், பஸ்ஸுக்கும், பூசைக்கும் மாறாத நேரத்தை, எங்கள் தொட்டிக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் மாற்றுவார். கோப்பாய் முழுக்க இந்தப் பைத்தியம் எங்கள் ஒரு வீட்டில்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். ஓம், ஒரு வீட்டில் இருந்தால் போதும் என்பார்.

மகள் அவரோடுதான் கதைப்பதில்லை, என்னோடு கதைப்பாள். வருடப்பிறப்பு, தீபாவளி, பொங்கல் என்று எனக்கு எடுப்பாள். நான் அவளுக்கு மாமி. அவளுக்கு நான் தகப்பனின் தங்கச்சி என்பது ஞாபகம் இருந்ததோ என்னவோ, தகப்பனைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டாள். நான் கதைக்கும் நேரமெல்லாம் அண்ணை தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். கண்ணாடி ஏற்கனவே பளபளத்துக்கொண்டிருக்கும். அவருடைய கை அசையும், காது மட்டும் என் பக்கம் இருக்கும். நான் வேண்டுமென்றே அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். ஓ, அங்கே பனி கூடவோ, ஓ, புது வேலையோ என்று. கதைத்து முடித்து வைத்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் தேய்ப்பானைக் கழுவப் போவார். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாய் இருக்கும். அவள்மேல் கோபமும் வரும்.

ஒரு தைப்பொங்கல் பின்னேரம் அவள் எடுத்தாள். அவளுக்கு அது விடியப்பொழுது. நேரத்தோடே எழும்பித் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு கதைக்கிறேன் என்றாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணை வழக்கம்போலக் கண்ணாடி தேய்த்தார். பொங்கல் எப்படி, முற்றத்திலா பொங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்தினாள். தொட்டியில் விளக்கு வந்துகொண்டிருந்தது. இடது பம்ப் மெல்லிய இரைச்சலோடு தொடங்கியது, பிறகு வலது.

"அது என்ன சத்தம், மாமி?"

"கொப்பரின்ரை கடல் எழும்புது."

"அங்கை இப்ப பின்னேரமெல்லோ?"

எனக்குள் அடக்கி வைத்திருந்த எரிச்சல் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. "இஞ்சை பின்னேரம்தான் பிள்ளை. உந்தப் பெட்டி உன்ரை நேரத்திலை கிடக்குது. நீ எழும்பிற நேரம் தெரியோணுமெண்டு, வந்த நாளிலையிருந்து இந்த மனிசன் அதை மாத்தேல்லை. ஊரே சிரிக்குது."

கண்ணாடியில் தேய்ப்பான் நின்றுவிட்டது. அண்ணை திரும்பவில்லை. தொலைபேசிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவள் வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். நான் கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். பம்புகள் மாறி மாறி இரைந்தன. அதை அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு அவள் குரல் வந்தது. "அப்பாட்டைக் குடுங்கோ."

அண்ணை ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். இன்னொரு தரம் துடைத்தார். தொலைபேசியைக் காதில் வைத்து, இத்தனை காலமும் கதைக்காத பிள்ளையிடம், நேற்றும் கதைத்தது போலக் கேட்டார். "எழும்பிட்டியோ பிள்ளை?"

நான் குசினிக்குள் போய்விட்டேன். பொங்கல் பானையைக் கழுவினேன். அது காலையிலேயே கழுவிய பானை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் தொட்டி விடிகிற நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. அவர்கள் அதிகம் கதைக்கவில்லை. அவள் உடுப்பு மாற்றுவாள், பாண் சுடுவாள். இவர் தீனி நேரத்துக்கான பொத்தானை அமத்தி, மீனுக்கு இறால் போடுவார். பம்புகள் கொஞ்ச நேரம் ஓய்ந்து நிற்கும், இறால் துண்டுகள் மிதக்கும், பிறகு தானாகவே அலை திரும்பும். அவ்வளவு நேரமும் தொலைபேசி மேசையில் கிடக்கும். இந்தப் பக்கம் மீன் சாப்பிடும், அந்தப் பக்கம் பிள்ளை சாப்பிடும். விடுமுறைக்கு வருகிறேன் என்றாள். அண்ணை முன் அறைக்கு வெள்ளை அடிப்பித்தார். வெள்ளிக்கிழமைச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி என்னிடம் கேட்டுப் பார்த்தார். நான் தளர்த்தவில்லை.

அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னர், ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணை தன் கதிரையில் சாய்ந்தார். தொட்டி இருட்டாக இருந்தது. அவரும் அந்த நேரத்தில் கண்ணயர்வது வழக்கம். நான் பின்வளவில் உலர்ந்த உடுப்புகளை எடுத்து மடித்து, தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது தொட்டியில் நீலம் வந்துகொண்டிருந்தது. இடது பம்ப் தொடங்கியது. வலது பம்ப் தொடங்கியது. அவர் வழக்கமாய்ச் சொல்லுகிறதை அன்று சொல்லவில்லை. அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் முகத்தில் தண்ணீரின் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்ததால், கிட்டப் போய்த் தொடும் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் மடியில் தொலைபேசி அடித்தது. அதை எடுக்க வேண்டியவள் நான்தான் என்று விளங்கினபோது, என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. எடுத்தேன். சொன்னேன். அவள் வைக்காமல், நெடுநேரம் அந்தப் பம்புகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தாள். செத்தவீடு, எட்டுச் செலவு, கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடியும் வரை நின்றாள். வீடு நிறைய ஆட்கள். அவளுக்கு எங்கள் நேரம் பிடிபடவில்லை. காலையில் எல்லோரும் ஓடித் திரியும்போது, பாய் ஒன்றை இழுத்துத் தொட்டியடியில் போட்டு, அந்த இருட்டுக்குப் பக்கத்தில் நித்திரையாகிவிடுவாள். பிள்ளையை எழுப்பிச் சாப்பிடச் சொல்லுங்கோ என்று சனம் சொல்லும். விடுங்கோ, அவளுக்கு இப்ப இரவு என்பேன். பின்னேரம் நான் விளக்கு வைக்கப் போகையில், தொட்டியில் நீலம் வரும், பம்புகள் இரையும், அவள் கண் திறப்பாள். அந்த வீட்டில் அவளும் மீன்களும் மட்டும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தை அவளுக்காக வைத்திருந்தவர் இல்லை. முதல் நாள் அப்படி அவள் கண் திறந்தபோது, வாசற்கதவைத்தான் பார்த்தாள். அங்கே நான் நின்றேன். "கடல் எழும்பிட்டுது பிள்ளை" என்று நான் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை.

போகிற அன்று, காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு உள்ளே வந்தாள். தொட்டியின் முன் குந்தியிருந்து, அண்ணை இருந்த அதே மாதிரி, பொத்தானை அமத்தி அமத்திப் பெட்டியின் நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றினாள். இனி நீங்கள் தனிய, மாமி, பகலில் நீங்கள் பார்க்கக்கூடியதாய் இருக்கட்டும், வருகிற சனத்துக்கும் மீன் தெரியட்டும் என்றாள். எவ்வளவு நல்ல மனது. நான் ஓம் என்றேன். எத்தனை வருடம் நான் கேட்டுச் சண்டை பிடித்த விசயம், ஒரு நிமிசத்தில் நடந்து முடிந்தது.

அடுத்த நாள் காலை தொட்டி ஊரோடு விடிந்தது. சுவர் மணிக்கூடும் பெட்டியும் ஒரே நேரத்தைக் காட்டின. பகல் முழுவதும் மீன்கள் கொஞ்சம் தடுமாறிக்கொண்டு நீந்தின. பின்னேரம் கோயில் மணி கேட்டது. நான் சுவாமி அறையில் விளக்கை வைத்துவிட்டு, திருநீற்றோடு வந்து வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்றேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டியிலும் வெளிச்சம் குறைந்துகொண்டு போய் அணைந்தது. பம்புகள் அடங்கின. வீட்டின் இரண்டு பக்கமும் ஒரே இரவு. அண்ணை செத்துப்போனது எனக்கு அப்போதுதான் முழுதாய்த் தெரிந்தது. செத்தவீட்டில் அழாத அழுகையை அந்தக் கதவில் சாய்ந்து அழுதேன்.

அடுத்த நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் ரொறன்ரோ நேரத்தைப் பார்த்து, பொத்தானை அமத்தினேன். எனக்குப் பழக்கமில்லை. ஒருதரம் கூடப் போய், திரும்பச் சுற்றி வந்து, ஒருவழியாய்ச் சரியாயிற்று. அவள் போய்ச் சேர்ந்து சில நாளில், ஒரு பின்னேரம், அண்ணைக்கு அடிக்கிற நேரத்துக்கு எனக்கு அடித்தாள். மீனெல்லாம் புது நேரத்துக்குப் பழகிவிட்டதா என்று கேட்டாள். அதுகள் பழகியிருக்கும், நான்தான் பழகவில்லை, மணியைத் திருப்பி உன் நேரத்துக்கே வைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் மாமி என்றாள்.

"நீ எழும்பிற நேரம் எனக்கும் தெரியோணும்" என்றேன்.

இது நடந்து இரண்டு மாரி போய்விட்டது. வினாகிரி இப்போது நானே வாங்குகிறேன், பம்புக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று. வெள்ளிக்கிழமை விரதம் அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு கார்த்திகை ஞாயிறு; கலண்டரில் பென்சில் வட்டம் போட்டது நான். பெட்டியை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மின்சார வாசிப்பு எடுக்க வந்தவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்கடை மணி பிழையாய்க் கிடக்குது அம்மா என்றார். தபால் கந்தோரில் இத்தனை காலம் இருந்தவளுக்கு மணி தெரியாதா என்று நினைத்துக்கொண்டு, இல்லை தம்பி, சரியாய்த்தான் கிடக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை.

இன்றைக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து நின்றேன். முற்றம் மங்கிவிட்டது. தொட்டியில் நீலம் வந்தது. இடது பம்ப், பிறகு வலது பம்ப். கடல்சாமந்தி சரிந்து நிமிர்ந்தது. அண்ணையின் கதிரையில் தண்ணீரின் வெளிச்சம் ஆடியது. "பிள்ளை எழும்பிட்டாள்" என்று சொன்னேன். கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய நேரம் அது. சொல்லி முடிக்கத் தொலைபேசி அடித்தது.